நான் அக்கா தங்கச்சி ஆக்கிய காதலிகள்

ஒரு படம் ஓடாவிட்டால் தயாரிப்பாளர் மழையைக் குற்றம் சொல்வார். இயக்குநர் ரசிகர்களைக் குற்றம் சொல்வார். ரசிகர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார்கள். எங்கள் படம் ஓடாததற்கு இத்தனை பேர் தேவையில்லை. குற்றவாளி ஒருத்திதான். அவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பழைய பல்கலைக்கழக அனிமே கழகத்தின் இணையப் பக்கத்தில் யாரோ ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். பெண்ணைப் பெண் காதலிக்கும் கதை ஒன்றைச் சொந்தமாக எழுதி, சொந்தமாக வரைந்து, இந்த மெல்பேணிலேயே ஜப்பானியப் பாணியில் ஒரு சித்திரப்படம் எடுத்தார்களே, அது ஏன் ஒருவர் கண்ணிலும் படாமல் போனது என்பது கேள்வி. கீழே பதில்கள் வரிசையாக வந்திருந்தன. காலம் கனியவில்லை என்றார் ஒருவர். பேர்பெற்ற சித்திரக்கதையைத் தழுவாத படத்தை யார் நம்பிப் பார்ப்பது என்றார் இன்னொருவர். விளம்பரம் போதவில்லை என்று ஒருவர் நான்கு பந்தி எழுதியிருந்தார். எல்லாவற்றையும் வாசித்தேன். ‘இல்லை ஐயா, அதைக் கொன்றது நான்’ என்று தட்டச்சு செய்தேன். பிறகு அழித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். (என் வீரம் எப்போதும் அந்த அளவில்தான்.)

நடந்தது 2005ஆம் ஆண்டுக் குளிர்காலம். எனக்கு இருபத்தொரு வயது. அம்மாவின் கணக்கில் வர்த்தகப் பட்டம் படித்துக்கொண்டிருந்தேன். என் கணக்கில் நான் ஒரு திரைக்கதை ஆசிரியை. வரைந்தது ஸ்டெல்லா. மலேசியாவில் கிள்ளானிலிருந்து படிக்க வந்த, பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் தமிழ்ப் பெண், வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவள் கையில் பென்சில் இருந்தால் நாற்காலிக்குக்கூட உயிர் வந்துவிடும். என்னிடம் பேனா இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனாலும் அவள் என் கதையை நம்பினாள்.

பதினெட்டு நிமிடப் படம். பனி கொட்டும் ஊர் ஒன்றில் யுமி, சாயோ என்று இரண்டு பெண்கள். தினமும் காலையில் ஒரே ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள், ஒரே கழுத்துத்துணியை இருவருமாகச் சுற்றிக்கொள்கிறார்கள், காதலிக்கிறார்கள். கடைசியில் ஒருத்தி ஊரைவிட்டுப் போகும் நாளில், ரயில் மேடையில், ஒரு முத்தம். அந்த முத்தம் ஆறு வினாடி. அந்த ஆறு வினாடியை வரைய ஸ்டெல்லாவுக்கு நான்கு மாதம் எடுத்தது. (நாங்கள் இருவருமே பனியைக் கண்டதில்லை. புல்லர் மலைக்கு ஒருநாள் போயிருந்தால் கண்டிருக்கலாம். உண்மையான கலைஞர்களுக்கு நேரில் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்த வயது அது.) பேச்சு ஜப்பானிய மொழியில்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அங்கிருந்து படிக்க வந்திருந்த இரண்டு மாணவிகளைப் பேசவைத்தோம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும்.

படம் முடிந்த வாரம் ஸ்டெல்லா சொன்னாள்.

“எங்கம்மா அடுத்த வாரம் வர்றாங்க. நானும் யுமி, சாயோ மாதிரிதான்னு அவங்ககிட்ட சொல்லணும் லா. நாலு தடவ போன் பண்ணேன். நாலு தடவையும் மீன் கறி பத்திப் பேசிட்டு வெச்சிட்டேன். வாயால வரல. படத்தப் பாக்கட்டும். பாத்துட்டு அவங்களா கேக்கட்டும்.”

“உன்ர ரூமில லப்டொப்பில போட்டுக் காட்டன்.”

“வேணாம். பெரிய ஸ்கிரீன்ல, ஆளுங்களோட பாக்கணும். ஆளுங்க கை தட்டுறத அம்மா பாக்கணும். அப்பதான் இது வெக்கப்படுற விஷயம் இல்லன்னு அவங்களுக்குத் தோணும். அம்மாக்கு இங்லீஷ் வராது. நீ பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லு. எழுதுனவ நீதானே.”

நான் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். ஒரு சொல் பிசகாமல் சொல்வேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பல்கலைக்கழக அரங்கு விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்ததால், “ஹோலுக்கு நான் பொறுப்பு” என்றும் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் அப்பா டண்டினொங்கில் தமிழ் மூத்தோர் ஒன்றுகூடல் ஒன்றுக்குச் செயலாளர். மண்டபத் திறப்புக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும்.

“என்ன படம்?” என்று கேட்டார்.

“ரெண்டு பிள்ளையளின்ர கதை அப்பா. சிநேகிதம்.”

(சிநேகிதமும் ஒரு வகைக் காதல்தானே என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழுக்கத் தொடங்கிய இடம் அது.)

“கார்ட்டூனோ? நல்லதாப் போச்சு. சனிக்கிழமை எங்கட ஒன்றுகூடல். போன மாசம் பாட்டு, அதுக்கு முதல் மாசம் நீரிழிவைப் பற்றிப் பேச்சு. இந்த மாசம் ஒண்டும் இல்லாமல் இருந்தனான். உன்ர படத்தைப் போடுவம்.”

எங்கள் ஆட்களிடம் ஒரு சின்ன விஷயத்தைக் கொடுத்தால் அது ‘நிகழ்ச்சி’ ஆகிவிடும். வியாழக்கிழமை நிகழ்ச்சிநிரல் அச்சடித்தாகிவிட்டது. மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, அதன்பின் ‘சிறப்புச் சித்திரப்படம்’. வெள்ளிக்கிழமை அம்மா இருநூறு ரோல்ஸுக்கு மா பிசைந்தா. சனிக்கிழமை காலை தன் வெளிர்மஞ்சள் பட்டுச்சேலையை என் கட்டிலில் விரித்துவைத்தா.

“மேடையில நிக்கிற பிள்ளை ஜீன்சோட நிக்கிறதோ?”

நான் மேடையில் நிற்கப்போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. ஸ்டெல்லாவிடம் அறுபது முதியவர்கள் வருகிறார்கள் என்று பயந்து பயந்து சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது.

“அறுவது பேரா! கை தட்டுவாங்களா?”

“எங்கட ஆக்கள் மைக் வேலை செய்தாலே கை தட்டுவினம்” என்றேன். அது மட்டும் உண்மை.

மூன்று மணிக்குப் படம் என்று கழகத்தில் அறிவித்திருந்தோம். கழகத்தார் பதினொரு பேர் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி அனிமேப் பாத்திரம்போல இளஞ்சிவப்பு முடி வைத்து, பள்ளிச் சீருடை போட்டு வந்திருந்தாள். முதியோர் நான்கு மணிக்கு வந்தார்கள். விளக்கேற்றி, எழுந்து நின்று, வரவேற்று, ஆசி வழங்கித் தலைவர் தமிழரும் சித்திரக்கலையும் பற்றிப் பேசத் தொடங்கினார். கழகத்தார் ஒவ்வொருவராக ரயிலைப் பிடிக்க நழுவினார்கள். இளஞ்சிவப்பு முடிக்காரியை மட்டும் ஒரு அன்ரி விடவில்லை. “பாவம், தலைக்கு என்ன வருத்தமோ” என்று மூன்று ரோல்ஸ் கொடுத்துப் பக்கத்தில் இருத்திவைத்தா. தலைமையுரை முடியும்போது அந்தப் படத்துக்கென்று வந்தவர்களில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

முன்வரிசையில் ஸ்டெல்லாவின் அம்மா. மெலிந்த, சிரித்த முகம். நல்ல நீலச் சேலை, தோளில் ஒரு கம்பளி. பக்கத்துக் கதிரையில் என் அம்மா. அதற்குள் இருவரும் மாசிக்கருவாடும் புளியும் பேசிச் சிநேகிதமாகிவிட்டார்கள். நான் அந்த அம்மாவின் மறுபக்கத்தில் போய் உட்காரப் போனேன். அப்போதுதான் அப்பா மைக்கைப் பிடித்தார்.

“படம் யப்பான் பாசையில. ஆரும் பயப்பிடத் தேவையில்லை. கதை எழுதின என்ர மகள் முன்னுக்கு நிண்டு தமிழில விளங்கப்படுத்துவா.”

கைதட்டல். மைக் என் கைக்கு வந்தது. ஒரு அம்மாவின் காதில் கிசுகிசுக்க வேண்டியதை இப்போது அறுபது பேருக்கு முழங்கவேண்டும்.

விளக்கு அணைந்தது. பனி கொட்டியது. ரயில் நிலைய வாங்குப் பலகையில் யுமியும் சாயோவும் ஒரே கழுத்துத்துணியில். நான் தொடங்கினேன்.

“இவை ரெண்டு பேரும்...”

திரை வெளிச்சத்தில் என் அம்மாவின் முகம் தெரிந்தது. பக்கத்தில் என்னைச் சிறு வயதிலிருந்தே தெரிந்த அன்ரிமார். அவர்களுக்குப் பின்னால் ஊரில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற சிவஞானம் அங்கிள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. ‘காதலர்’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. வாயால் வந்தது வேறு.

“...சகோதரங்கள்.”

கடைசி வரிசையில் மடிக்கணினிக்குப் பின்னால் இருந்த ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள்.

ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக ஒன்பது பொய் நிறுத்தவேண்டும் என்பார்கள். எனக்குப் பதினெட்டு நிமிடத்துக்குக் குறைந்தது நாற்பது தேவைப்பட்டன. இருவரும் வேறு வேறு வீட்டுக்குப் போனார்கள். “சின்னவ சித்தி வீட்டில வளருறா” என்றேன். ஒருத்தி மற்றவளுக்குக் கடிதம் எழுதிக் கிழித்தாள். “பரீட்சைக்குப் படிக்கிறா” என்றேன். ஒருத்தி மற்றவளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். (ஸ்டெல்லா அந்தக் காட்சியை அவசரமில்லாமல் வரைந்திருந்தாள்.) “கண்ணில தூசி விழுந்திட்டுது” என்றேன்.

சிவஞானம் அங்கிள் கையைத் தூக்கினார்.

“பிள்ளை, கீழ ‘ஐ லவ் யூ’ எண்டெல்லோ ஓடுது. நீர் தூசி எண்டுறீர்.”

“தங்கச்சியில பாசம் அங்கிள்.”

“அது சரி. முந்தி ‘உன்னை முதன்முதல் இந்த ஸ்ரேசனில கண்ட நாள்’ எண்டும் ஓடினது. சகோதரங்கள் ஸ்ரேசனிலயோ முதன்முதல் சந்திக்கிறது?”

மண்டபம் என் பக்கம் திரும்பியது. நான் யோசிக்கவேயில்லை. இன்றைக்கும் இதை எழுதக் கை கூசுகிறது.

“சின்னனில பிரிஞ்சு போனவை அங்கிள். கலவரத்தில.”

ஜப்பானில் ஒரு கலவரத்தையே உண்டாக்கினேன். அதை அந்த மண்டபத்தில் ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் யாரையோ எங்கேயோ விட்டுப் பிரிந்து வந்தவர்கள். “ஐயோ, பாவங்கள்” என்று ஒரு குரல் கேட்டது. ரோல்ஸ் கொடுத்த அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. தன் தங்கையை எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் தொலைத்தவ அவ. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் மைக்கைப் பிடித்து நின்றேன்.

சிவஞானம் அங்கிள் தூக்கிய கையை இறக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

முத்தம் வந்துகொண்டிருந்தது. எழுதியவளுக்குத் தெரியாதா? ரயில் மேடை, ஊதல் சத்தம், யுமி ஓடி வருகிறாள். இனிமேல் எந்தச் சித்தியும் எந்தக் கலவரமும் காப்பாற்றாது. எனக்குத் தோன்றிய ஒரே உபாயம், திரைக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் போய் நிற்பது. நின்றேன். கைகளையும் விரித்தேன்.

வர்த்தகம் படித்த மூளைக்கு ஒரு சின்ன விஷயம் எட்டவில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கேதான் படம் தெரியும். அம்மாவின் வெளிர்மஞ்சள் பட்டு அந்தப் பழைய திரையைவிட நல்ல திரை. யுமியும் சாயோவும் என் நெஞ்சிலும் வயிற்றிலுமாக முத்தமிட்டுக்கொண்டார்கள். ஆறு வினாடியும். நான் வலப்பக்கம் நகர்ந்தால் முத்தம் திரைக்குப் போனது. இடப்பக்கம் நகர்ந்தால் என்மேல் வந்தது. கண் கூசியதில் எனக்கு ஒருவரும் தெரியவில்லை. இளஞ்சிவப்பு முடிக்காரி ஒருத்தி மட்டும் சத்தமாகச் சிரித்தது கேட்டது.

விளக்கைப் போட்டார்கள். பிறகு கை தட்டினார்கள். சும்மா மரியாதைத் தட்டல் அல்ல. எழுந்து நின்று தட்டினார்கள். “பிரிந்த சகோதரங்களை ஒன்றுசேர்த்த அருமையான படம்” என்று தலைவர் நன்றியுரை சொன்னார். ஸ்டெல்லா கேட்ட கைதட்டல் அது. அவள் அம்மா அதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தாள், பார்த்தும் விட்டார். அவரும் எழுந்து நின்று, அழுதுகொண்டே தட்டினார்.

ஸ்டெல்லா முன்னால் வந்தாள். அவள் அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“கூடப் பொறந்தவ இல்லன்னு உனக்கு மனசுல இவ்ளோ ஏக்கம் இருந்துச்சாம்மா? ஒரு வார்த்த சொன்னதில்லையே நீ.”

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இன்னும் நம்பிக்கையோடுதான் பார்த்தாள்.

“துளசி, அம்மாக்கு சரியா சொல்லு லா. அவங்க ரெண்டு பேரும் யாரு?”

என் அம்மா பக்கத்தில் நின்றா. அப்பா மைக்கைத் திருப்பி வாங்கக் கை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வசனம். இரண்டு வருடம் நானே எழுதிய கதை. எனக்கு அப்போது கிடைத்தது போல நல்ல சந்தர்ப்பம் பிறகு எதற்கும் கிடைக்கவில்லை.

“ஓம் அன்ரி” என்றேன். “அக்கா தங்கச்சிதான்.”

ஸ்டெல்லா சண்டை போடவில்லை. மடிக்கணினியை மூடினாள், வயர்களைச் சுற்றினாள், என் அம்மா கட்டிக்கொடுத்த ரோல்ஸ் பார்சலை “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று வாங்கிக்கொண்டு தன் அம்மாவோடு போய்விட்டாள். திங்கட்கிழமை அவர் கிள்ளானுக்கு விமானம் ஏறினார், மகள் ஒரு தங்கைக்காக ஏங்குகிறாள் என்ற நினைப்போடு.

இரண்டு வாரம் கழித்து, குறும்பட விழாவுக்குப் படத்தை அனுப்பும் படிவத்தோடு அவள் அறைக்குப் போனேன். (ஆம், போனேன். தோல் தடிப்புக்கு ஒரு எல்லை உண்டு என்று நினைப்பவர்கள் என்னைச் சந்தித்ததில்லை.) அவள் படிவத்தை வாங்கி மேசையில் வைத்தாள்.

“அனுப்ப மாட்டேன் லா. அந்தப் படத்த எங்க போட்டாலும் எனக்கு உன் குரல்தான் கேக்குது.”

குறுந்தட்டு ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போனது. இணையத்தில் நான்கு பந்தி எழுதியவருக்கு இதுதான் பதில்.

இதில் எனக்குக் கடைசி அடி அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே விழுந்துவிட்டது. கிரான்பர்ன் வரும்வரை காரில் வானொலிதான் பேசியது. பிறகு அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னா.

“நல்லாப் படம் கீறியிருக்கிறாள். ஆனா அதுகள் சகோதரங்கள் இல்லை.”

“அது ஆருக்குத் தெரியாது?” என்றார் அப்பா. “சிவஞானம் முதல் அஞ்சு நிமிசத்திலயே என்ர காதுக்குள்ள சொல்லிப்போட்டார்.”

“சனத்துக்கு முன்னால போட்டிருக்கத் தேவையில்லை. அது வேற கதை” என்றா அம்மா. “ஆனா நீ என்னட்டையாவது முதலே சொல்லியிருக்கலாம். அந்த மனிசிக்குச் சொல்லத்தான் படம் போட்டது எண்டு தெரியாமல் நான் பக்கத்தில இருந்து மாசிக்கருவாடு கதைச்சுக்கொண்டிருந்தனான்.”

யாருக்குப் பயந்து அத்தனை பொய்யும் சொன்னேனோ, அவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது. பொய்யை நம்பியது ஒரே ஒருவர். யாருக்கு உண்மையைச் சொல்லவேண்டுமோ, அவர்.

அதன்பின் எங்கள் வீட்டில் பூசி மெழுகும் எந்த விஷயத்துக்கும் ‘அக்கா தங்கச்சி’ என்று பெயராகிவிட்டது. கறி அடிப்பிடித்தால், “சொல்லு, அக்கா தங்கச்சி எண்டு” என்பார் அப்பா. மூன்று வருடமாக ‘கூடப் படிக்கிறவர்’ என்று நான் வீட்டுக்குக் கூட்டிவந்தவரையே கடைசியில் கல்யாணம் செய்தபோது, சிவஞானம் அங்கிள் வாழ்த்துரைக்கு மைக்கைப் பிடித்து, “இவையும் சகோதரங்கள் எண்டுதான் நான் கேள்விப்பட்டனான்” என்றார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நானும் மாலையோடு சிரித்தேன்.

ஸ்டெல்லா அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. சிட்னியில் சித்திரப்பட நிறுவனம் ஒன்றில் வேலை, கேட்டி என்ற பெண்ணோடு வாழ்க்கை. ஆனால் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் குரல். நான் மன்னிப்புக் கேட்டேன், நன்றாகவே அழுதேன். அவள் பேச்சை மாற்றினாள்.

“அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். போன்லதான். மீன் கறி பத்திப் பேசி முடிச்சிட்டு சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னவ?”

“ஒன்னுமே சொல்லல, வெச்சிட்டாங்க. அடுத்த வாரம் அவங்களே கூப்ட்டாங்க. ‘சாப்ட்டியா? தங்கச்சி சாப்ட்டாளா?’ன்னு கேட்டாங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

“வாராவாரம் கேக்கறாங்க லா. கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேருக்கும் துணி அனுப்புனாங்க. அவ துணி மேல ‘தங்கச்சிக்கு’ன்னு எழுதியிருந்துச்சு.”

“பகிடிக்கோ, சும்மா விளையாட்டுக்கோ?”

“முதல்ல அப்படித்தான் நெனச்சேன். அவ பேரச் சொல்லுங்கம்மான்னேன். ‘ஏன், அந்தப் பொண்ணு மைக்ல சொன்னது நல்லாத்தானே இருந்திச்சு’ன்னாங்க.”

அவளுக்குப் பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தமும், ஒரு பெண் எதையோ பாடிக்கொண்டு நடப்பதும் கேட்டது.

“கேட்டின்னு மூணே எழுத்து லா” என்றாள் ஸ்டெல்லா. “ஒரு தடவகூட அம்மா அதச் சொன்னதில்ல.”